வீட்டில் ரொட்டி சுடுதல்: கையும் இயந்திரமும்

ரொட்டி செய்வதற்கு மாவு, நீர், உப்பு, ஈஸ்ட் ஆகிய நான்கு பொருள்களே போதுமானவை. பிசைவது முதல் சுடுவது வரை அனைத்தையும் தானே செய்து முடிக்கும் வீட்டு இயந்திரங்களும் இந்நாளில் கிடைக்கின்றன. ஆயினும், கையால் பிசையக் கற்றவரே இயந்திரத்தையும் நன்கு பயன்படுத்த இயலும். அதன் காரணத்தைக் காண்போம்.

கோதுமை மாவில் கிளையாடின், குளூட்டெனின் என்னும் இரு புரதங்கள் உள்ளன. நீர் சேர்த்துப் பிசையும்பொழுது இவை பிணைந்து, 'குளூட்டன்' எனப்படும் இழுபடும் வலையாக மாறுகின்றன. ஈஸ்ட் என்பது ஓரணு உயிர். அது மாவிலுள்ள சர்க்கரையைக் கரியமிலவாயுவாகவும் சாராயமாகவும் மாற்றுகின்றது. அவ்வாயு வலையில் சிக்குவதனாலேயே மாவு உப்புகின்றது. வலை உறுதியாக அமையாவிடில் வாயு வெளியேறி, ரொட்டி கனத்துப்போகும்.

கைமுறை வருமாறு: 500 கிராம் மைதாவுடன் 8 கிராம் உப்பு, 5 கிராம் உலர் ஈஸ்ட், சுமார் 310 மில்லிலிட்டர் நீர் ஆகியவற்றைக் கலக்க வேண்டும். மாவை உள்ளங்கையால் முன்னே தள்ளி, மடித்து, சற்றே திருப்பி மீண்டும் தள்ளுதல் வேண்டும். இவ்வாறு 10 முதல் 15 நிமிடங்கள் பிசைந்தபின், சிறு துண்டொன்றை விரல்களால் விரித்துப் பார்க்கலாம். அது கிழியாமல் மெல்லிய சவ்வுபோல் விரியுமாயின் வலை உருவாகிவிட்டது என அறியலாம். ஈரத்துணியால் மூடி, இருமடங்காக உப்பும்வரை வைத்திருக்க வேண்டும். 30 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் இதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். குளிர்காலத்தில் மேலும் தாமதமாகும். பின்னர் மாவை அழுத்தி உருட்டி, எண்ணெய் தடவிய அச்சுப் பாத்திரத்தில் இட்டு, மறுமுறை உப்பியதும், 200 டிகிரி வெப்பமுள்ள ஓவனில் சுமார் 35 நிமிடங்கள் சுட வேண்டும்.

இயந்திரமும் கையிடமிருந்தே பாடம் கற்றது. 1980-களில் ஜப்பானின் மாட்சுஷிதா நிறுவனம் ரொட்டி இயந்திரம் அமைக்க முயன்றபொழுது, அது பிசைந்த மாவு சரியாக அமையவில்லை. அந்நிறுவனத்தைச் சேர்ந்த இக்குகோ தனாகா என்னும் பெண்மணி, ஓசாகா நகரத்து விடுதி ஒன்றின் தலைமை ரொட்டி வல்லுநரிடம் பயிற்சி பெற்றார். அவர் மாவை இழுப்பதோடு முறுக்கவும் செய்வதைக் கண்டறிந்தார். அதற்கேற்ப, இயந்திரத்தின் பாத்திரத்தினுள் சிறு வரம்புகள் அமைக்கப்பட்ட பின்னரே நல்ல ரொட்டி கிடைத்தது.

ஆனால், மாவின் தன்மையறிந்து நீரின் அளவை மாற்றும் திறன் சாதாரண வீட்டு இயந்திரத்திற்கு இல்லை. கல் ஆலையில் அரைத்த ஆட்டா, மைதாவைக் காட்டிலும் மிகுதியாக நீரை உறிஞ்சும். அதிலுள்ள தவிடு குளூட்டன் வலையைத் தளர்த்தும். எனவே, மைதாவுக்குக் கூறப்பட்ட அளவை ஆட்டாவுக்கும் கைக்கொண்டால் ரொட்டி இறுகிவிடும். இயந்திரம் பிசையத் தொடங்கிப் பத்து நிமிடங்களுக்குப்பின் மூடியைத் திறந்து, மாவைத் தொட்டுப் பார்த்தல் நன்று. மாவு உதிருமாயின் ஒரு கரண்டி நீரும், பாத்திரத்தில் ஒட்டிக் குழையுமாயின் சிறிது மாவும் சேர்க்கலாம். இதனைத் தீர்மானிப்பது கைப்பழக்கமேயாகும்.

ஆசிரியர்கள் இவ்வுண்மையை வகுப்பில் எளிதிற் செய்து காட்டலாம். பிசைந்த மைதா உருண்டையொன்றை அரைமணி நேரம் ஊறவைத்து, நீரில் மெல்லக் கசக்கினால், மாவுச்சத்து வெண்மையாகக் கரைந்து செல்லும். ரப்பர் போன்ற குளூட்டன் கையில் எஞ்சும். அரிசி மாவில் இவ்வாறு எதுவும் எஞ்சாது. அரிசி மாவை மட்டும் கொண்டு இவ்வகை ரொட்டி செய்ய இயலாமையின் காரணத்தை மாணவர் தாமே உணர்வர்.