மூட்டை தூக்கிய கை வலிக்கிறதா?

பண்டிகைச் சரக்கு வந்து இறங்கும் நாட்களில் லோடுமேன் கிடைக்காமல் முதலாளியே மூட்டைக்குத் தோள் கொடுப்பது திருமயம் கடைவீதியில் புதிதல்ல. புதுக்கோட்டையிலிருந்து வந்த வண்டி காரைக்குடிக்குப் போக அவசரப்படும், காத்திருக்காது. மறுநாள் புஜம் வலிக்கும். சிலருக்கு மாதக் கணக்கில் வலிக்கும்.

பழக்கமில்லாத பாரத்தால் வரும் தசைநோவு இரண்டு மூன்று நாளில் உச்சமாகி, ஒரு வாரத்தில் தானே அடங்கிவிடும். அடங்காத வலிக்குக் காரணம் பெரும்பாலும் புஜத்தில் இல்லை, தோள்மூட்டில் இருக்கிறது. அங்குள்ள தசைநார்கள் பாரத்தில் இழுபட்டுப் புண்பட்டால் வலி இறங்கிப் புஜத்தில் தெரியும். பரணில் டின் எடுக்கையிலும், ஷட்டரை இழுக்கையிலும், இரவில் அந்தப் பக்கம் படுக்கையிலும் வலி கூடினால் இதையே சந்தேகிக்கலாம்.

நம்மவர்கள் செய்வது இரண்டு. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுபடி மூட்டை தூக்குவார்கள். இல்லையேல் கையை அசைக்காமலே வைத்துக்கொள்வார்கள். இரண்டுமே தவறு. வலி மாத்திரையை நாட்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு இன்னும் ஆபத்து. அசைக்காத தோளோ இறுகிப்போகும். சர்க்கரை நோயாளிகளுக்கு இது அதிகம். சட்டை மாட்டக்கூட முடியாமல் ஓராண்டுக்கு மேல் அவதிப்படுவோர் உண்டு.

பாரத்தை மட்டும் நிறுத்துங்கள். முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸ் ஒற்றடம் பதினைந்து நிமிடம் கொடுக்கலாம். பிறகு குனிந்து மேஜையைப் பிடித்தபடி, வலித்த கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டிவாருங்கள். அழுத்தி உருவ வேண்டாம். இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் திருமயம் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். புதுக்கோட்டையில் 2017 முதல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

தூக்கும்போது 'படக்' என்று சத்தம் கேட்டுப் புஜத்தில் உருண்டை திரண்டாலும், கையைத் தூக்கவே முடியாவிட்டாலும், சிறுநீர் கறுத்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். கைவலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் வந்தால் மூட்டையின் மேல் பழி போடாமல் 108-ஐ அழையுங்கள்.

ஒரு ஆள் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. அது வயது வந்த ஆண் தொழிலாளிக்கு. கல்லாவில் உட்கார்ந்தவருக்கு 50 கிலோ சிமெண்ட் மூட்டையே அதிகம். அரிசி மூட்டைகூட 2022-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் பல ஆலைகளில் 25-லிருந்து 26 கிலோவாகிவிட்டது! ஒரு தள்ளுவண்டி வாங்கிப் போடுங்கள். கனமான சரக்கை இடுப்பு உயரத்தில் அடுக்குங்கள். ஷட்டருக்கு எண்ணெய் விட்டு எத்தனை நாளாயிற்று என்றும் பாருங்கள்.