நெய்வேலி மொட்டைமாடியிலிருந்து துருவ ஒளி தெரியுமா?

2024 மே 10 அன்று சூரியனிலிருந்து வந்த பெரும் புயல் பூமியின் காந்தப்புலத்தை உலுக்கியது. அடுத்த நாள் லடாக்கின் சிவந்த வானம் எல்லோர் கைப்பேசியிலும் இருந்தது. கனடாவிலும் இங்கிலாந்திலும் இருக்கும் நம் உறவினர்கள் வீட்டு வாசலில் நின்றே துருவ ஒளியைப் படமெடுத்து அனுப்பினார்கள். 1980களில் நார்வேயின் வடகோடியான பின்மார்க்கில் மீன் பதனிடும் வேலைக்குப் போன ஈழத் தமிழர்களுக்கோ அது குளிர்காலந்தோறும் கூரைக்கு மேலே தெரிந்த காட்சி. லடாக் வரை வந்த ஒளி நம் ஊருக்கும் ஒருநாள் வராதா என்று நெய்வேலிப் பிள்ளைகள் கேட்பது நியாயமான ஆசைதான்.

வராது. ஆனால் அதற்கான காரணம் வெறும் தூரம் மட்டுமல்ல.

சூரியன் வீசியெறியும் மின்னேற்றத் துகள்கள் பூமியின் காந்தக் கோடுகளைப் பற்றிக்கொண்டுதான் கீழே இறங்கும். துருவங்களை ஒட்டி அந்தக் கோடுகள் ஏறத்தாழ செங்குத்தாகத் தரைக்குள் நுழைகின்றன. அங்கே துகள்கள் காற்றில் மோத, ஆக்சிஜன் ஒளிர்கிறது: நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே பச்சை, இருநூறைத் தாண்டினால் சிவப்பு. தமிழ்நாட்டின் தென்கோடியில் நிலைமை நேர்மாறு. காந்த நடுக்கோடு திருநெல்வேலிப் பக்கம் செல்வதால், இங்கே காந்தக் கோடுகள் தரைக்கு இணையாகப் படுத்திருக்கின்றன. துகள்கள் இறங்க வழியே இல்லை. புவியியல் கணக்கில் நெய்வேலி வடக்கே பதினொன்றரை டிகிரியில் இருந்தாலும், காந்தக் கணக்கில் ஏறத்தாழ 3 டிகிரியில்தான் இருக்கிறது.

சரி, வடக்கே எரியும் ஒளியை இங்கிருந்தே எட்டிப் பார்க்க முடியாதா? இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கேமரா மே மாதச் செம்மையைப் பதிவுசெய்த லடாக்கின் ஹான்லே, நெய்வேலிக்குக் கிட்டத்தட்ட நேர் வடக்கே, 2,350 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தரையிலிருந்து 400 கிலோமீட்டர் உயரத்தில் எரியும் ஒளி, பூமியின் வளைவை மீறி 2,200 கிலோமீட்டர் தூரம் வரைதான் கண்ணுக்கு எட்டும். ஆக, ஹான்லேயின் உச்சந்தலைக்கு மேலே அந்த உயரத்தில் எரிந்திருந்தால்கூட நமக்குத் தெரிந்திருக்காது. உண்மையில் ஹான்லேக்கே அது வடக்கு அடிவானத்தில்தான் தெரிந்தது. எரிந்த இடம் இன்னும் வெகு வடக்கே. தாழ்வான பச்சை ஒளி பூமியின் வளைவுக்குப் பின்னால் மறைந்துவிட, உயரத்துச் சிவப்பு மட்டும் தலைகாட்டியது. அதுவும் கேமரா பல விநாடிகள் சேர்த்துப் பிடித்த சிவப்பு. வெறுங்கண்ணுக்கு அவ்வளவு அடர்த்தியாக இராது.

இந்தியாவில் லடாக்குக்கு வெகு தெற்கே துருவ ஒளி தெரிந்ததற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1872 பிப்ரவரி 4 அன்று பம்பாயில் அது காணப்பட்டதாக அக்காலச் செய்தி இருக்கிறது. பம்பாய்க்கும் ஏடனுக்கும் இடையேயான கடலடித் தந்தியும் அன்று தடுமாறியது. நெய்வேலி பம்பாயைவிட ஏழரை டிகிரி தெற்கே இருக்கிறது. போதாததற்கு சுரங்கங்களில் இரவெல்லாம் எரியும் விளக்குகளும், தெர்மல் மின்நிலைய வெளிச்சமும், டவுன்ஷிப் தெருவிளக்குகளும் நம் அடிவானத்தை வெளுக்க வைக்கின்றன. மேகத்தின் அடிவயிறு செம்மஞ்சளாகத் தெரிந்தால் அது கீழேயிருந்து போன வெளிச்சம். அதைப் படமெடுத்துத் துருவ ஒளி என்று யாராவது அனுப்பினால் நம்ப வேண்டாம்.

ஆனால் கண்ணுக்குத் தெரியாத வடிவில் அந்தப் புயல் நம்மைத் தொடத்தான் செய்கிறது. என்னைக் கேட்டால், மின்சாரத்தில் வாழும் ஊருக்கு இதுதான் முக்கியமான சேதி. காந்த நடுக்கோட்டுக்கு மேலே, நூற்றைந்து கிலோமீட்டர் உயரத்தில், பகலில் ஒரு பெரும் மின்னோட்டம் ஓடுகிறது. திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருப்பதற்கு அந்த இடச் சிறப்பே காரணம். புயலின்போது அந்த மின்னோட்டமும் குலைந்து காந்தப்புலம் வேகமாக மாறினால் நீண்ட மின்கம்பிகளில் வேண்டாத மின்னோட்டம் கிளம்பி, டிரான்ஸ்பார்மர்களுக்குள் புகும். 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாகாண மின்தொகுப்பு ஒன்றரை நிமிடத்தில் சரிந்து, அறுபது லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் இருளில் இருந்ததற்கு இதுவே காரணம். துருவத்துக்கு அருகில் இந்த ஆபத்து அதிகம், நமக்குக் குறைவு. ஆனாலும் தென்மாநிலங்களுக்கெல்லாம் இங்கிருந்து மின்சாரம் போகிறது. சூரியனைக் கவனிப்பது நமக்குச் சம்பந்தமில்லாத வேலை ஆகாது. பூமியிலிருந்து பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று அதைச் செய்கிறது இந்தியாவின் ஆதித்யா எல்-1 விண்கலம். 2023 செப்டம்பர் 2 அன்று அது ஏவப்பட்டபோது திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி.

பார்த்தே தீர வேண்டும் என்பவர்கள் லே போய், அங்கிருந்து சாலைவழியாக ஹான்லே போகலாம். சுற்றிலும் இருள் வானக் காப்பகம். நிலா இல்லாத இரவுகளாகப் பார்த்துப் போவது நல்லது; அப்போதும் பெரும்புயல் வாய்க்க வேண்டும். 2024 அக்டோபரில் இன்னொரு புயலின்போதும் அங்கே செம்மை பதிவானது. அதே மாதம், சூரியன் தன் 11 ஆண்டுச் சுழற்சியின் உச்சக் கட்டத்தை எட்டிவிட்டதாக நாசா அறிவித்தது. உச்சம் கழிந்த ஓரிரு ஆண்டுகளிலும் பெரும் புயல்கள் வருவதுண்டு. 2003 அக்டோபர் இறுதியில் வந்தவை அப்படிப்பட்டவைதான்.