தலைவீட்டில் சேரமங்கை

அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாளே அக்கா தன் மகளை என்னிடம் அனுப்பிவிடுவாள். பல வருட வழக்கம் இது. போன மார்கழியில், ஆறாம் வகுப்பு படிக்கும் அவளைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனேன். மூன்று நாள், ஒரே ஊர் என்பது திட்டம். தெரிந்த கார் டிரைவர் ஒருவர், நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதையும் ஒரே மூச்சில் காட்டித் தருவதாகச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். பிள்ளைகளுக்குக் கிடைப்பதே ஒரு வாரம்தான். அதையும் கார் ஜன்னலுக்குள் கழிக்க எனக்கு மனசில்லை.

பெரிய கோயிலுக்குக் காலை ஆறரைக்கே போய்விட்டோம். மார்கழியில் அந்த முற்றத்துக் கல் பாதத்தில் சில்லென்று ஏறும். சித்திரையில் அதே கல்லில் பத்து மணிக்கு மேல் நிற்க முடியாது. நிழலைத் தேடி ஓடத்தான் தோன்றும். சுவரோரமாக நின்று நிதானமாகப் பார்க்க இந்த மாதங்கள்தான் தோது. இன்னொரு வசதியும் உண்டு. சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் விமானத்தின் தென்புறச் சுவரில் காலை வெயில் சரிந்து விழும். எழுத்தின் ஒரு கரையில் வெளிச்சமும் மறு கரையில் நிழலுமாகக் கல்வெட்டு எழும்பி நிற்கும். ஆடியில் வந்தால் காலையில் இந்தச் சுவர் நிழலில் கிடக்கும்.

எல்லோரையும் போல அவளும் முதலில் அண்ணாந்துதான் பார்த்தாள். இருநூறு அடிக்கு மேல் உயரமான விமானம் யாரையும் அண்ணாந்து பார்க்க வைக்கும். கழுத்து வலித்துக் குனிந்தபோதுதான் அவளுக்கு அது கிடைத்தது.

"சித்தி, இது ட! நம்ம ட!"

அடித்தளக் கல்லில் ஒரு சாண் தூரத்தில் அந்த 'ட' இருந்தது. நேர்கோடு இறங்கி, மடங்கி, வலப்பக்கம் ஓடியது. 1010-இல் குடமுழுக்குக் கண்ட கோயில் இது. ஆயிரம் வருடத்தில் எத்தனையோ எழுத்துகள் உருமாறிவிட்டன. 'ட'வும் 'ப'வும் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் எழுதியிருப்பதுதான் வாசிப்பவரைத் திணற வைக்கும். புள்ளியை நாமே மனசுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். அரை மணி நேரம் சுவரைவிட்டு அவள் நகரவில்லை. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: எழுத்து தெளிவாகத் தெரிவதற்காக மாவோ விபூதியோ சுண்ணாம்போ பூசாதீர்கள். வெயில் போதும்.

இந்தக் கோயில் கல்வெட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்த சொல் 'அக்கன்'. தான் கொடுத்தவை, அக்கன் கொடுத்தவை, தம் தேவியர் கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொல்கிறான் ராஜராஜன். அந்த வரிசையில் தனக்கு அடுத்த இடத்தை அக்கா குந்தவைக்குத் தந்திருக்கிறான். குந்தவையோ, தன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இங்கே செப்புத் திருமேனிகள் செய்து வைத்திருக்கிறார். பேரரசின் ஆவணம் என்று நினைத்து வாசிக்கப் போனால் ஒரு குடும்பத்தின் பாசம் வந்து நிற்கிறது.

வெயில் ஏறியதும் திருச்சுற்று மாளிகை நிழலில் உட்கார்ந்தோம். பையில் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதி இருந்தது. ஹுல்ட்ஸ் என்ற ஜெர்மானியக் கல்வெட்டறிஞர் இந்தக் கோயில் சுவர்களிலிருந்து மைப்படி எடுத்துப் பதிப்பித்த பெரிய உழைப்பு அது. இணையத்திலும் கிடைக்கிறது. வடபுறத் திருச்சுற்றின் வெளிச்சுவரில் உள்ள நீண்ட கல்வெட்டு ஒன்றை அதிலிருந்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன். சோழநாட்டுக் கோயில்களிலிருந்து ராஜராஜன் தஞ்சாவூருக்கு வரவழைத்துக் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பட்டியல் அது. தளி என்றால் கோயில். கோயிலில் ஆடிப் பாடியவர்கள் இந்தப் பெண்கள்.

நானூறு என்று எண்ணிக்கை மட்டும் போட்டு முடித்திருந்தால் நான் இதை இவ்வளவு சொல்ல மாட்டேன். ஒவ்வொருத்தியின் பெயரும் இருக்கிறது, வந்த கோயிலும் குடியேறிய வீடும் இருக்கின்றன. தெற்குத் தளிச்சேரி, வடக்குத் தளிச்சேரி என்று தெருக்கள். தெருவின் ஒரு பக்க வீட்டு வரிசைக்குச் 'சிறகு' என்று பெயர். தெற்குத் தளிச்சேரியின் தென்சிறகில் முதல் வீட்டை, அதாவது தலைவீட்டை, திருவையாற்றிலிருந்து வந்த நக்கன் சேரமங்கைக்குக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்தடுத்து மற்றவர்கள். எடுத்தபாதம் என்றுகூட ஒருத்திக்குப் பெயர்! தூக்கிய திருவடியை மகளுக்குப் பெயராக வைத்த அந்தப் பெற்றோரை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. திருவாரூர், பழையாறை, நாகப்பட்டினம் என்று எங்கெங்கிருந்தோ வந்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல்.

பட்டியல் அதோடு முடியவில்லை. நட்டுவர்கள், உடுக்கை அடிப்பவர்கள், கணக்கர்கள், தச்சர், தையற்காரர், துணி வெளுக்கும் ஈரங்கொல்லி வரை வருகிறார்கள். பங்கு பெற்றவர் இறந்துபோனாலோ வேறு தேசம் போய்விட்டாலோ அடுத்த உறவினர் அந்த வேலையைச் செய்து பங்கைப் பெறலாம் என்ற ஏற்பாடும் இருக்கிறது.

"அட்ரஸ் எல்லாம் இருக்கே சித்தி" என்றாள். பிறகு, "அவங்க ஊருக்குப் போலாமா?"

மறுநாள் திருவையாறு பஸ்ஸில் ஏறினோம். அரை மணி நேரப் பயணம்தான். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு பாலம் வரும்போதும் அவள் விரல் மடக்கினாள். இருபுறமும் சம்பா கதிர் வாங்கி நின்றது. ஐயாறப்பர் கோயில் வளாகத்துக்குள் வடகைலாயம் என்ற தனிக் கோயில் இருக்கிறது. ராஜராஜனின் தேவி ஓலோகமாதேவி எடுப்பித்தது. கல்வெட்டு சொல்லும் சேரமங்கையின் கோயில் அதுதான். கூட்டமெல்லாம் ஐயாறப்பர் சந்நிதியில் இருக்க, இங்கே நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். மண்டபத்தை ஒரு சுற்று சுற்றி வந்தவள் கேட்டாள்: "இங்கேர்ந்து போறப்ப அவங்க அம்மாவும் கூடப் போனாங்களா?" சில நாள் அம்மாவைவிட்டு வந்திருக்கும் பிள்ளையின் கேள்வி. அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டேன்.

அன்று மாலை மறுபடியும் பெரிய கோயில். கருவறையைச் சுற்றியுள்ள உள்வழியின் சோழர் ஓவியங்களைப் பொதுவாக யாருக்கும் திறந்து காட்டுவதில்லை. வளாகத்திலுள்ள விளக்கக் கூடத்தில் படங்களைப் பார்க்கலாம். 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி விளக்கோடு அந்த இருட்டு வழிக்குள் போனார். சுவர் முழுக்க நாயக்கர் காலத்து ஓவியம். அதன் பூச்சு உதிர்ந்த ஓரிடத்தில், அடியிலிருந்து இன்னொரு ஓவியம் தெரிந்தது. இருட்டிலேயே கிடந்த ராஜராஜன் காலத்து வண்ணம்.

அது ஏன் அழியவில்லை என்பதைச் சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் ஆராய்ந்தார். சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். காற்று பட்டுச் சுண்ணாம்பு இறுகும்போது நிறத்தையும் தன்னோடு சேர்த்துக் கல்லாக்கிவிடுகிறது. காய்வதற்குள் வரைந்தாக வேண்டும். அழித்துத் திருத்த நேரம் கிடையாது. அந்தக் கைகளின் தைரியத்தை நான் இன்றைக்கும் வியக்கிறேன். பிற்பாடு தொல்லியல் துறையினர் சில இடங்களில் மேலிருந்த நாயக்கர் ஓவியத்தையும் சிதையாமல் உரித்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகையில் ஒட்டிக் காப்பாற்றினார்கள். ஒன்றுக்காக இன்னொன்றை இழக்காத அந்த வேலைக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

சுந்தரர் கதை ஓவியத்தில் அவள் வெள்ளை யானையை ரசிப்பாள் என்று நினைத்தேன். அவளோ மூலையில் நடக்கும் கல்யாண வீட்டுச் சமையலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைசி நாள் சரஸ்வதி மகால். இரண்டாம் சரபோஜி மன்னர் (1777–1832) ஐரோப்பாவிலிருந்து புத்தகங்களை வரவழைத்துச் சேர்த்தவர். அங்குள்ள அருங்காட்சியகத்தில் பிரெஞ்சு ஓவியர் சார்ல் லெ புருனின் படங்கள் இருக்கின்றன. மனித முகத்தையும் விலங்கு, பறவை முகங்களையும் ஒப்பிட்டு வரைந்தவை. ஒவ்வொன்றின் முன்னாலும் என் முகத்தையும் திரும்பிப் பார்த்தாள். அங்கே ஓலைச்சுவடிகளைப் பூச்சியிடமிருந்து காக்க வசம்பு, கிராம்பு, கருஞ்சீரகம், மிளகு எல்லாம் பொடித்துச் சிறு மூட்டைகளாகக் கட்டி வைப்பது வழக்கம் என்று சொன்னேன். வசம்பு, பிள்ளை வளர்ப்பான். தொட்டில் குழந்தையின் கையில் கட்டுகிற அதே வசம்பு.

ஊர் திரும்பும் பஸ்ஸில் நோட்டை விரித்து அவள் எழுதிக்கொண்டே வந்தாள். எட்டிப் பார்த்தேன். அவர்கள் தெரு.

'வடசிறகு. தலைவீடு, பூக்கார ஆயா, பங்கு ஒன்று. இரண்டாம் வீடு, இஸ்திரி தாத்தா, பங்கு ஒன்று. மூன்றாம் வீடு, அம்மா, பங்கு ஒன்று. நான்காம் வீடு, டெய்லர் அக்கா...'

அங்கே பேனா நின்றது.

"டெய்லர் அக்கா பேரு என்ன சித்தி?"

அந்த அக்கா எனக்கும் மூன்று தீபாவளிக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்திருக்கிறார். பெயர் தெரியவில்லை.

"போனதும் கேட்டுக்கலாம்" என்றேன். பெயருக்கு இடம் விட்டுவிட்டு அடுத்த வீட்டை எழுத ஆரம்பித்தாள்.