எதைக் கண்டாலும் வாய் வைக்கும் ஆமை

வண்ண மீன் கடைகளில் உள்ளங்கையில் அடங்கும் பச்சை ஆமைக்குஞ்சுகள் விற்கிறார்கள். கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை ஓடும் இந்த இனத்தின் பூர்வீகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை. சிவப்புக்காது ஆமை என்று பெயர். வாங்கிப்போய்ச் சில மாதம் வளர்த்தவர்களிடமிருந்து வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: எதைப் பார்த்தாலும் கடிக்கிறது. கூழாங்கல், ஃபில்டர் பஞ்சு, ஹீட்டரைக் கண்ணாடியில் ஒட்டவைக்கும் ரப்பர், ஏறி வெயில் காயட்டும் என்று மிதக்கவிட்ட தெர்மோகோல், தொட்டி கழுவ நீட்டிய விரல் என்று அதற்குப் பாகுபாடே கிடையாது. பசி என்று நினைப்பவர் தீனியைக் கூட்டுகிறார். சேட்டை என்று நினைப்பவர் சிரித்துவிட்டு நகர்கிறார். இரண்டாலும் ஆமைக்குக் கெடுதல்தான். அது கடிப்பதை நிறுத்த முடியாது, நிறுத்த வேண்டியதும் இல்லை. கடித்தது தொண்டைக்குள் போகுமா போகாதா என்பதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம்.

நாய்க்குட்டி செருப்பைக் கடித்தால் மென்று குதறிப் போட்டுவிட்டுப் போய்விடும். ஆமைக்கு மெல்ல வராது, பல்லே இல்லை. சீனாவின் குய்சோ மாகாணத்தில் கிடைத்து, 2008-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட ஒடோன்டோகெலிஸ் என்ற சுமார் 22 கோடி ஆண்டுப் பழமையான ஆமைக்குப் பற்கள் இருந்தன. இன்று உயிரோடிருக்கும் எந்த ஆமைக்கும் கிடையாது. நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டினால் ஆன அலகுதான் பல்லின் இடத்தைப் பிடித்திருக்கிறது. சிவப்புக்காது ஆமையின் அலகு வெட்டும், கிழிக்கும், அரைக்காது. அதன் நாக்கும் சிறியது, இரையைத் தொண்டைக்குள் தள்ளும் வலு அதற்கில்லை. அதனால்தான் கரையில் கவ்வியதைக்கூடத் தண்ணீருக்கு இழுத்துப்போய்த் தின்கிறது. நீருக்கடியில் வாயைத் திறந்து தொண்டையைச் சட்டென்று விரிக்கும்போது, பாய்ந்து வரும் தண்ணீரோடு இரையும் உள்ளே போகும். பிறகு தண்ணீர் மட்டும் வெளியேறும். தொட்டியின் அடியில் பொடிக்கல் பரப்பி, அதன்மேல் ஒரு தீனி மணி விழுந்து கிடந்தால் கூடவே என்னென்ன உள்ளே போகும் என்று ஊகித்துக்கொள்ளலாம். முன்கால் நகங்கள் இரையைக் கிழிக்க உதவுமே தவிர, ஒரு பொருளை எடுத்துப் புரட்டிப் பார்க்க உதவாது. தின்னத் தகுந்ததா என்று சோதிக்க அதற்கு இருக்கும் கருவி வாய்தான். செத்த மீன், பாசி, பூச்சி என்று கிடைத்ததைத் தின்று பிழைத்த இனத்துக்கு, முதலில் கவ்விப் பார்ப்பது லாபமான பழக்கம். அந்தப் பழக்கம் உருவான காலத்துக் குளங்களில் தெர்மோகோல் மிதக்கவில்லை.

இயற்கையில் ஆமைகள் மண்ணையும் கல்லையும் தின்பது உண்டே, அவை செத்தா போகின்றன என்று ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்வி. அமெரிக்கப் பாலைவன ஆமைகள் நிலத்தைத் தோண்டி, கால்சியம் செறிந்த மண்ணைத் தேடித் தின்பதை 1982-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். ஆனால் அந்த ஆமை தேடுவது கல்லை அல்ல, சுண்ணாம்புச் சத்தை. கடையில் வாங்கிப் போடும் வண்ணக் கல்லில் அது கிடைப்பதில்லை. தவிர, வெளியில் திரியும் ஆமை வெயிலில் உடம்பைச் சூடேற்றிக்கொண்டு நாளெல்லாம் அலைகிறது, நார்ச்சத்துள்ள இலை தழையை நிறையத் தின்கிறது. உள்ளே போன கல் எச்சத்தோடு வெளியேற வழியுண்டு. ஆமையின் செரிமானம் அதன் உடல் வெப்பத்தைப் பொறுத்தது. ஏசி அறையில் குளிர்ந்த தண்ணீரில் கிடக்கும் ஆமையின் குடல் மந்தமாகிவிடும், கல் அங்கேயே தங்கி அடைத்துக்கொள்ளும். ஆகவே கல்லைக் கடிக்கும் ஆமைக்குச் சுண்ணாம்புச் சத்து குறைகிறதா என்று பார்ப்பது நல்லது. கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டை நன்றாகக் கழுவி, முதுகுப்பக்கத்துக் கெட்டித் தகட்டை நீக்கிவிட்டுத் தொட்டியில் போட்டால், கடித்துக்கொண்டே கிடக்கும். கடித்தது வயிற்றுக்குள் போனாலும் பாதகமில்லை. அலகும் தேயும். ஆனால் அந்தக் கால்சியம் உடம்பில் ஒட்ட வைட்டமின் டி3 வேண்டும், அதற்கு 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான புற ஊதாக் கதிர் வேண்டும். ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடும். ஜன்னலோரம் வைத்திருக்கிறோம், வெயில் படுகிறது என்று நிம்மதியாக இருக்கும் வீடுகளில் ஓடு மெத்தென்று ஆவது இப்படித்தான். நேரடி இளவெயில் அல்லது அதற்கென்றே உள்ள யுவிபி விளக்கு தேவை. வெயிலில் வைத்தால் ஒதுங்க நிழலும் வேண்டும். கண்ணாடித் தொட்டியை அப்படியே மொட்டை மாடியில் வைத்தால் ஆமை வெந்துவிடும்.

பசிக்கு வருவோம். மனித நிழல் பட்டதும் நீந்தி வந்து கண்ணாடியை முட்டுவது, இந்த ஆள் வந்தால் தீனி வரும் என்று கற்றுக்கொண்டதன் விளைவு. காலி வயிற்றின் அடையாளம் அல்ல. முட்டும்போதெல்லாம் தீனி போட்டால் கொழுப்பு சேரும். காலை உள்ளிழுக்கும்போது தொடைச்சந்தில் சதை பிதுங்கி நின்றால் தீனி மிஞ்சிவிட்டது என்று பொருள். என்ன போடுகிறோம் என்பது இதைவிட முக்கியம். இந்த இனம் குஞ்சில் பெரும்பாலும் புழு பூச்சிகளைத் தின்றுவிட்டு, வளர வளரத் தாவர உணவுக்கு மாறுவதை கிளார்க், கிப்பன்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1969-லேயே எழுதிவிட்டார்கள். நம் வீடுகளிலோ வளர்ந்த ஆமைக்கும் டப்பாவில் வரும் உலர்ந்த இறால்தான். அதை மட்டுமே தின்னும் ஆமைக்கு வைட்டமின் ஏ குறைந்து இமை வீங்கும், கண் மூடிக்கொள்ளும். எதிரில் கிடக்கும் தீனியே தெரியாது. வளர்ந்த ஆமைக்கு இலையும் நீர்ச்செடியும் தினமும் கிடைக்கலாம், மணித் தீனி இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை அதன் தலையளவு போதும். அசோலா, ஹைட்ரில்லா, முருங்கை இலை, பரங்கிக்காய்த் துருவல் எல்லாம் நல்லவை. நமக்குச் சத்தான பாலக் கீரை அதற்கு அவ்வளவு நல்லதல்ல, அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நெத்திலி போன்ற சில மீன்களில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் நொதி இருப்பதால், பச்சையாக அதையே தினமும் போடுவதும் சரியல்ல. நீர்ச்செடி போடுவதில் இன்னொரு லாபம், நாள் முழுக்கக் கடிக்க அதற்கு ஏதோ ஒன்று இருக்கும்.

அப்படியானால் தொட்டியில் மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். அங்கேதான் மறுதரப்பு வலுவானது. வாஷிங்டன் தேசிய விலங்குக்காட்சிச் சாலையில் பிக்ஃபேஸ் என்ற நைல் மென்னோட்டு ஆமை இருந்தது. பல்லாண்டு காலம் தனியாகக் கிடந்த அது தன் கழுத்தையே நகத்தால் பிறாண்டி, முன்கால்களைக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டது. தொட்டியில் பந்து, குச்சி, ரப்பர் குழாய் வளையம் போன்றவற்றைப் போட்டார்கள். ஆமை பந்தை மூக்கால் முட்டித் தள்ளியது, வளையத்துக்குள் நுழைந்து நுழைந்து வந்தது. தன்னையே காயப்படுத்திக்கொள்வது குறைந்தது. கோர்டன் பர்கார்ட்டும் சக ஆய்வாளர்களும் இதை 1996-இல் வெளியிட்டார்கள். கடிக்க எதுவும் இல்லாத தொட்டி, கடித்தால் ஆபத்தான தொட்டிக்கு மாற்று ஆகாது என்பதை இதிலிருந்து ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆனால் பிக்ஃபேஸுக்குக் கொடுத்த பந்து கூடைப்பந்து, கோலிக்குண்டு அல்ல. விழுங்க முடியாத அளவு, பிய்க்க முடியாத கெட்டி, இந்த இரண்டும் இருந்தால் எதையும் போடலாம்: பெரிய ஆற்றுக்கல், கனமான மரக்கட்டை, சுட்ட மண்சட்டியைக் கவிழ்த்து வைத்த குகை.

இந்தக் கணக்கில் முதலில் தள்ள வேண்டியது தெர்மோகோல். மலிவு, மிதக்கும், ஆமையும் ஏறி உட்காரும் என்று பல வீடுகளில் அதைத்தான் போடுகிறார்கள். ஒரு கடிக்கு ஒரு மணி பிய்ந்து வரும், செரிக்காது. எக்ஸ்ரே எடுத்தால் கல்லும் உலோகமும் பளிச்சென்று தெரியும். தெர்மோகோலும் பிளாஸ்டிக் இலையும் பெரும்பாலும் தெரியாது. ஆமை தீனி எடுக்காமல் ஒரு பக்கம் சாய்ந்து மிதந்தால், எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்பதை வைத்து மட்டும் மருத்துவர் நிம்மதி சொல்லிவிட முடியாது. ஒயரையும் ஹீட்டரையும் தடுப்புக்குப் பின்னால் வைப்பது, ஃபில்டரின் வாய்க்குக் கெட்டியான மூடி போடுவது போன்றவை அதிகச் செலவில்லாத வேலைகள்.

வீட்டில் எதையும் வாயில் வைக்கும் இன்னொரு ஜீவனும் இருக்கும். ஓட்டின் நீளம் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்க அமெரிக்கா 1975-இல் தடை போட்டதற்குக் காரணம் சால்மொனெல்லா கிருமி. அந்த அளவு ஆமை குழந்தையின் வாய்க்குள் போய்விடும் என்பதும் அதில் சேர்த்தி. நல்ல ஆரோக்கியமான ஆமையும் இந்தக் கிருமியைச் சுமக்கும். தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவக்கூடாது, தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சிவப்புக்காது வேண்டாம் என்று உள்ளூர் நட்சத்திர ஆமையையோ பால் ஆமையையோ தேடிப் போனால் அது வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வளர்க்க முடியவில்லை என்று கோயில் குளத்தில் விடுவதும் தவறு, உலகின் மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிர்களின் பட்டியலில் இருக்கிறது இந்த ஆமை.

கல் ஆமையின் தலையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பது வளர்ப்பவர்கள் சொல்லும் எளிய அளவுகோல். வாங்கும்போது கட்டைவிரல் நுனியளவு இருக்கும் தலை அப்படியே நின்றுவிடாது. நன்றாக வளரும் பெண் ஆமையின் ஓடு 25 செ.மீ.-ஐத் தாண்டும், ஆயுளும் 20, 30 ஆண்டு வரும். முதல் ஆண்டில் பார்த்துப் பார்த்துப் போட்ட அதே கூழாங்கற்கள் மூன்றாம் ஆண்டில் விழுங்கத் தோதான அளவாகிவிடும். கல்லை வெளியே எடுத்து ஆமையின் தலையோடு மறுபடி ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை ஆண்டுக்கு ஒருமுறையாவது இருக்கிறது.