அடக்கிய துயரும் ஆறாத புண்ணும்

பரீட்சையில் தவறிய மகன் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான். "தலையிடிக்கிறது" என்பதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்வதில்லை. அடுக்களையில் நிற்கும் தாய் நெஞ்சைத் தடவிக்கொள்கிறாள். கேட்டால் "ஒன்றுமில்லை" என்கிறாள். தந்தையோ சாய்மனைக் கதிரையிற் பத்திரிகையால் முகத்தை மறைத்திருக்கிறார். மூவருக்கும் துயரம் ஒன்றே. ஆயினும் அதனை மூவரும் தனித்தனியே சுமக்கின்றனர். இத்தகைய காட்சி நம் இல்லங்களுக்குப் புதியதன்று.

உள்ளம் கலங்குமிடத்து உடலும் உடன் கலங்குகிறது. அதிரினலின், கோட்டிசோல் ஆகிய ஓமோன்கள் இரத்தத்திற் பெருகுகின்றன. இதயம் விரைகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, தசைகள் இறுகுகின்றன. ஆபத்து வேளையில் நம்மைக் காப்பதற்கு இயற்கை வகுத்த ஏற்பாடு இது. விரைவில் தணியுமாயின் தீங்கில்லை. மாதக்கணக்கில் நீடிப்பின் உறக்கம் கெடும். தலையிடியும் வயிற்றுக் கோளாறும் தலைகாட்டும். நோயெதிர்ப்பு ஆற்றலும் குன்றும்.

மனத்திலுள்ளதை வெளியிடுவதால் உடல் நலமுறுமா? அமெரிக்க உளவியலறிஞர் ஜேம்ஸ் பென்னபேக்கர் இதனை ஆராய்ந்து 1986ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டார். பல்கலைக்கழக மாணவர் சிலர் தம்மை வருத்திய நிகழ்ச்சியையும் அது தந்த உணர்ச்சியையும் நாளொன்றுக்கு 15 நிமிடமாக நான்கு நாட்கள் எழுதினர். எழுதிய வேளையில் அவர்தம் மனம் கனத்தது உண்மையே. எனினும், சாதாரண விடயங்களை எழுதிய மாணவரைவிட, அடுத்த மாதங்களில் அவர்கள் சுகாதார நிலையத்தை நாடியது குறைவாயிருந்தது.

அங்ஙனமாயின், வாய்க்கு வந்தபடி சீறிவிடலாமா? கூடாது. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜனிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர் 42 தம்பதியரை ஆராய்ந்தனர். அவர்தம் கைகளிற் சிறு கொப்புளப் புண்களை உண்டாக்கி, ஒருமுறை ஆதரவாகவும் மற்றொருமுறை பிணக்குகளைப் பற்றியும் உரையாடச் செய்தனர். பிணக்குரையாடலின் பின் புண்கள் ஆறத் தாமதமாயிற்று. பகைமை மிகுந்த தம்பதியரின் புண்கள், பகைமை குறைந்தோருடையவை ஆறிய வேகத்தில் நூற்றுக்கு 60 வீதமான வேகத்திலேயே ஆறின. 2005ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு, வீட்டில் நாம் பேசும் விதம் தசையையும் தோலையும் தொடுகின்றது என்பதைக் காட்டுகிறதன்றோ?

ஆகவே, அடக்குதலும் நன்றன்று. கடிந்து கொட்டுதலும் நன்றன்று. "உன்னால்தான் இப்படி" என்பதை விடுத்து, "எனக்குக் கவலையாயிருக்கிறது" எனச் சொல்லப் பழகுவோம். சொல்பவரை இடைமறியாது கேட்கவும் பழகுவோம். நெஞ்சு நோவு முதலியவற்றை மனக்கவலையென்றே தள்ளிவிடாது வைத்தியரிடம் காட்டுதலும் அவசியம்.

முன்னர்க் கூறிய வீட்டில், தந்தை பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுக் கதவைத் தட்டட்டும். "ஏன் தவறினாய்?" என்ற கேள்வி நாளைக்கு இருக்கட்டும். இன்றைக்கு, "வா, தம்பி, சாப்பிடுவோம்" என்ற அழைப்பே போதும். பேச்சு தானாகப் பிறக்கும்.