எத்தனை டிகிரியில் ஊற்றுவது?

ரொட்டி சுடும் தகரத்தின் வடிவில் ஒரு சிலிகான் அச்சு. அதில் முன்பே வார்த்து, இறுகவைத்து, சதுரம் சதுரமாக நறுக்கிய வண்ண மெழுகுத் துண்டுகள். அவற்றின் மேல் வேறொரு நிறத்தில், வாசனை எண்ணெய் கலந்து உருக்கிய மெழுகை ஊற்றுகிறார்கள். ஆறியதும் பாளத்தைக் கவிழ்த்து எடுத்து அறுத்தால், ஒவ்வொரு வில்லையிலும் வண்ணச் சதுரங்கள் பதிந்திருக்கும். இந்த வில்லைகளுக்குத் திரி கிடையாது, சுடரும் கிடையாது; மின்சார வார்மரின் கிண்ணத்தில் போட்டால் உருகி அறையை மணக்கவைக்கும். பார்க்க எளிய வேலைதான். ஆனால் வீட்டில் செய்கிறவர்களின் கையில் இது இரண்டு விதமாகக் கெடுகிறது. சில நேரம் துண்டுகள் கரைந்து, நிறமெல்லாம் கலங்கிச் சேறாகிவிடும். சில நேரம் துண்டுகள் அப்படியே இருக்கும், ஆனால் சுற்றியுள்ள மெழுகோடு ஒட்டியிராது. கத்தி பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். எத்தனை டிகிரியில் ஊற்ற வேண்டும் என்று கேட்டால் ஒருவர் 65 என்பார், இன்னொருவர் 80 என்பார், இருவரும் தம் கைப்பழக்கத்தைச் சாட்சிக்கு அழைப்பார்கள். இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். ஏனென்றால் ஊற்றும் வெப்பநிலை மெழுகோடு பிறந்த குணமல்ல. துண்டின் எடை, ஊற்றும் மெழுகின் எடை, அறையின் சூடு ஆகியவற்றைப் போட்டுப் பார்த்து வரும் விடை அது.

பாரஃபின் மெழுகை எடுத்துக்கொள்வோம். கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது பிரித்தெடுக்கும் பொருள் இது; சென்னை மணலி ஆலையிலும் தயாராகிறது. 58 டிகிரி செல்சியஸில் உருகும் ரகம் என்று வைத்துக்கொண்டால், அதில் ஒரு கிராமின் சூட்டை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 2 ஜூல் வெப்பம் போதும். ஆனால் 58 டிகிரியைத் தொட்டுவிட்ட அதே ஒரு கிராமைத் திரவமாக்க ஏறத்தாழ 200 ஜூல் வேண்டும். வெப்பமானியில் துளியும் தெரியாமல் உள்ளே போய்விடும் இந்த வெப்பத்தைத்தான் உள்ளுறை வெப்பம் என்று பள்ளியில் படித்தோம். ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் 1760-களில் பனிக்கட்டியையும் வெந்நீரையும் வைத்துக் கண்டறிந்த உண்மை இது. பூஜ்யம் டிகிரியில் உள்ள ஒரு கிலோ பனிக்கட்டியில் 80 டிகிரியை ஒட்டிய ஒரு கிலோ வெந்நீரைக் கலந்தால், கட்டி முழுதும் உருகும். ஆனால் மிஞ்சுவது பூஜ்யத்தை ஒட்டிய குளிர்ந்த நீர்தான். வெந்நீர் கொண்டுவந்த வெப்பம் அத்தனையும் உருக்கவே செலவாகிவிட்டது. மெழுகு அச்சுக்குள் நடப்பதும் இதே பேரம்தான்.

இப்போது கணக்கு. அச்சில் 200 கிராம் துண்டுகள், அறையின் சூடான 32 டிகிரியில் இருக்கின்றன. மேலே ஊற்றப்போவது 300 கிராம். துண்டுகள் உருகுநிலையைத் தொட மட்டுமே 26 டிகிரி ஏற வேண்டும். அதற்கு 10,400 ஜூல். 65 டிகிரியில் ஊற்றினால், அந்த 300 கிராம் 58-க்கு இறங்கும்வரை தரக்கூடியது 4,200 ஜூல்தான். பாக்கி 6,200 ஜூலுக்கு ஊற்றிய மெழுகே உறைந்து தன் உள்ளுறை வெப்பத்தைக் கொடுத்தாக வேண்டும். அதாவது சுமார் 31 கிராம் புதுமெழுகு துண்டுகளைச் சுற்றி உடனே ஓடுகட்டிக்கொள்கிறது. துண்டின் மேற்பரப்பு உருகவே இல்லை. உருகாத பரப்பில் பிடிப்பு ஏது? அதே மெழுகை 75-இல் ஊற்றினால் 10,200 ஜூல் கிடைக்கிறது, வரவும் செலவும் ஏறக்குறைய சமம். 85-இல் ஊற்றினால் 16,200. மிஞ்சும் 5,800 ஜூல் துண்டுகளில் 29 கிராமை உருக்கும். துண்டுகள் 2 சென்டிமீட்டர் கனசதுரங்கள் என்றால் மொத்தம் 28 துண்டுகள், ஒவ்வொன்றின் ஆறு முகங்களையும் சேர்த்துப் பார்த்தால் கரைந்த தோலின் தடிமன் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒட்டுவதற்கு அந்தத் தோல் தாராளமாகப் போதும், உருவமும் கெடாது. துண்டுகளைக் குறைத்து 100 கிராமாக்கிவிட்டு அதே 85-இல் ஊற்றிப் பாருங்கள்: மிச்சம் 11,000 ஜூல், உருகுவது 55 கிராம், துண்டுகளில் பாதிக்கு மேல் காலி. டிகிரி மாறவில்லை, பாளம் சேறாகிவிட்டது.

ஏட்டில் இது சரி, அச்சுக்குள் வெப்பம் இப்படி ஒரே நொடியில் பங்கு பிரியுமா என்று கேட்கலாம். பிரியாது. மெழுகு வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும் பொருள். 2 சென்டிமீட்டர் துண்டின் நடுவுக்குச் சூடு போய்ச் சேரச் சில நிமிடங்களாகும். அதனால் முதலில் மேல்தோல் கணக்கு சொல்வதைவிடக் கூடுதலாகவே உருகும்; பிறகு வெப்பம் உள்ளே இறங்க இறங்க அது மறுபடி உறையும். அச்சின் சுவரும் காற்றும் வேறு தம் பங்கைப் பிடுங்கிக்கொள்ளும். ஆகவே மேலே சொன்ன எண்களை ஜூல் பிசகாமல் நம்ப வேண்டியதில்லை. எந்தப் பக்கம் சாயும் என்பதைத்தான் அவை சொல்கின்றன. அறுத்த வில்லையை உற்றுப் பார்த்தாலே இந்த வரலாறு தெரியும். கனசதுரத்தின் மூலையில் மூன்று முகங்கள் வழியாகச் சூடு நுழைகிறது, விளிம்பில் இரண்டு வழியாக, தட்டையான முகத்தில் ஒன்று வழியாக. எனவே மூலைதான் முதலில் மழுங்கும். மூலைகள் மட்டும் லேசாக உருண்டிருந்தால் சரியான சூட்டில் ஊற்றியிருக்கிறார்கள் என்று பொருள். கூர்மை குறையாமல் இருந்தால் ஒட்டாமல் போயிருக்க வாய்ப்பு அதிகம். துருவல் போன்ற மெல்லிய சீவல்களைத் துண்டுகளாகப் போடுகிறவர்களுக்கு ஏன் எப்போதும் நிறம் கலங்குகிறது என்பதும் இதிலேயே விளங்கும்: அவற்றில் உள்ளே என்று ஒன்று கிடையாது, எல்லாமே தோல்தான்.

குளிர்நாட்டுச் செய்முறையை நம் ஊரில் அப்படியே பின்பற்றுவதால் வரும் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. அறை 20 டிகிரி என்றால் மேற்படி 200 கிராம் துண்டுகள் 15,200 ஜூல் விழுங்கும். சமன்படும் சூடு 75 அல்ல, 83. அங்கே அதற்குச் சற்று மேலே ஊற்றி ஒழுங்காக வந்த பாளம், அதே சூட்டில் சித்திரை வெயிலில் இங்கே ஊற்றினால் கூடுதலாகக் கரைகிறது. அதற்கு மாற்றாகத் துண்டுகளைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு ஊற்றலாமே என்பது அடிக்கடி சொல்லப்படும் யோசனை. கணக்குப்படி அது வேலை செய்யும். 5 டிகிரித் துண்டுகள் 93 டிகிரி மெழுகைக்கூடத் தாங்கும். ஆனால் கடலோரக் காற்றின் ஈரம் அந்தக் கணக்கில் இல்லை. குளிர்ந்த துண்டை வெளியே எடுத்த நிமிடமே அதன் மேல் நீர்த்துளி கோக்கும். மெழுகும் நீரும் சேராது. அந்தத் துளிகள் பாளத்துக்குள் சிக்கிக் குழிகளாகவும், ஒட்டாத இடங்களாகவும் நின்றுவிடும். ராஜஸ்தானில் செய்யலாம், நாகப்பட்டினத்தில் வேண்டாம். இன்னொரு வழி, பாத்திரத்தின் ஓரத்தில் மெழுகு பால் ஆடைபோலப் படியத் தொடங்கும்வரை காத்திருந்து ஊற்றுவது. வெப்பமானி இல்லாதவர்களுக்கு நல்ல அடையாளம்தான். ஆனால் ஆடை படிந்துவிட்டது என்றாலே மெழுகு உருகுநிலைக்கு வந்துவிட்டது, கொடுக்க மிச்சச் சூடு அதனிடம் இல்லை என்று அர்த்தம். துண்டுகள் பிழைக்கும், பிடிப்பு கிடைக்காது.

சூடு கூடினால் வாசனை ஆவியாகிவிடுமே என்பதுதான் தாழ்ந்த சூட்டில் ஊற்றச் சொல்கிறவர்களின் வலுவான வாதம். வாசனை எண்ணெய்ப் புட்டியில் தீப்பற்று நிலை என்று ஓர் எண் இருக்கும். அதைத் தாண்டினால் மணம் எரிந்துபோகும் என்று நம்புகிறார்கள். அந்த எண் மணத்தைப் பற்றியதே அல்ல. குறிப்பிட்ட சோதனைக் கிண்ணத்தில் எண்ணெயைச் சூடாக்கி, ஒரு சுடரைக் காட்டினால் அதன் ஆவி எந்த வெப்பநிலையில் பற்றிக்கொள்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. அனுப்புகிறவர்களும் சேமிக்கிறவர்களும் பார்க்க வேண்டிய எச்சரிக்கை அது. ஆரஞ்சு வாசனையின் முக்கியப் பொருளான லிமோனீனின் தீப்பற்று நிலை ஏறத்தாழ 50 டிகிரி, கொதிநிலை 176. முல்லை, மல்லிகை வாசனைகளில் வரும் பென்சைல் அசிடேட் 212-இல் கொதிக்கிறது, கிராம்பின் யூஜினால் 250-ஐத் தாண்டி. 80 டிகிரி மெழுகில் சில நிமிடம் கலக்கினால் கொஞ்சம் போகும், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அதே மெழுகு வார்மரில் மணிக்கணக்காகச் சூடாகியும் வாசம் தீராமல் இருக்கிறதே. திறந்த பாத்திரத்தில் நெடுநேரம் வைத்திருப்பதுதான் நஷ்டம்; அடுப்பை அணைத்து, எண்ணெயைச் சேர்த்து, நன்றாகக் கலந்து, தாமதிக்காமல் ஊற்றினால் போதும். அடுப்பை அணைக்கச் சொல்வது மணத்துக்காக அல்ல, தீப்பற்று நிலை உண்மையில் எச்சரிக்கும் நெருப்புக்காக. மெழுகை எப்போதும் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துத்தான் உருக்க வேண்டும் என்பதும் அதற்காகவே. நீர் 100-ஐத் தாண்டவிடாது.

இவ்வளவு கணக்கு எதற்கு, உயர்ந்த சூட்டில் உருகும் மெழுகில் துண்டுகளையும், தாழ்ந்ததில் மேல்மெழுகையும் செய்தால் போயிற்று என்பது நியாயமான யோசனை. நாலைந்து டிகிரி வித்தியாசம்வரை நன்றாகவே வேலை செய்கிறது. அதற்கு மேல் போனால் கடினத்தில் வேறுபாடு வந்துவிடும்; மென்மையான மெழுகை அறுத்து வரும் கத்தி கடினத் துண்டில் முட்டி அதைப் பெயர்த்தெடுக்கும். சேர்க்கிற வாசனை எண்ணெயும் உருகுநிலையைச் சற்று இறக்கும் என்பதால், மணம் சேர்த்த துண்டுகள் முத்திரையில் உள்ள எண்ணுக்கு முன்பே இளகும். சோயா மெழுகு இன்னும் அகன்ற இடைவெளியில் இளகி உருகும். அதற்குக் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். தேங்காய் எண்ணெயிலிருந்து செய்த மெழுகுகள் பலவும் 40 டிகிரியை ஒட்டியே இளகிவிடும். மதுரையின் மே மாதத்துக்கு அது சரிப்படாது.

ஊற்றியபின் பொறுமை. திரவமாக இருக்கும் பாரஃபின் உறையும்போது பத்து சதவீதத்துக்கும் மேல் சுருங்குகிறது. வெளிப்புறம் முதலில் இறுகும், நடுப்பகுதி கடைசியில். சுருங்கும் நடுப்பகுதி தனக்குள் குழி பறித்துக்கொள்ளும். பாளத்தைக் குளிர்பெட்டியில் வைத்து அவசரப்படுத்தினால் ஓடு சீக்கிரம் தடித்து, குழியும் விரிசலும் பெரிதாகும். துண்டுகள் ஏற்கெனவே உறைந்தவை என்பதால் அவை சுருங்குவதில்லை. முழுதும் ஊற்றிய பாளத்தைவிடத் துண்டு பதித்த பாளம் குறைவாகக் குழிவதற்கு அதுதான் காரணம். அறுக்கும் நேரமும் சூட்டின் பேச்சுத்தான். பாரஃபின் உறைந்தபின்பும் சட்டென்று கெட்டியாகிவிடுவதில்லை; அதன் மூலக்கூறுகள் வரிசையில் நின்றபடியே தம் அச்சில் புரளும் ஒரு நடுநிலை உண்டு. உருகுநிலைக்குப் பத்துப் பதினைந்து டிகிரி கீழேவரை நீடிக்கும் அந்த நிலையில் மெழுகு வளையும், நொறுங்காது. மைசூர்பாகை ஆறவிடாமல் வில்லை போடுவது போல, இதையும் கைக்கு இதமான சூட்டில் அறுத்துவிட வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் நம் வெயில் நமக்குச் சாதகம். குளிர்நாட்டில் விரைவில் நழுவும் அந்த நேரம் இங்கே நீள்கிறது.

வாசனை எண்ணெயின் அளவைப் பற்றிச் சுருக்கமாக: மெழுகின் எடையில் 6 முதல் 10 சதவீதம் போதும். கூட்டினால் மணம் கூடுவதைவிட, படிகங்களுக்கிடையே இடம் கிடைக்காத எண்ணெய் வெயில் நாளில் வியர்த்து வெளியேறுவதுதான் அதிகம். அந்த எண்ணெயே சாயத்தையும் இழுத்துக்கொண்டு பக்கத்துத் துண்டுக்குள் போகும். எண்ணெயில் கரையாத நிறமித்தூள் அப்படி நகராது. குறைவாகச் சேர்க்க வேறொரு காரணமும் இருக்கிறது. சுடரில்லாததால் புகையில்லை, ஆகவே மாசில்லை என்றுதான் இவற்றை விற்கிறார்கள். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025-இல் வெளியிட்ட முடிவு வேறு சொல்கிறது: மெழுகிலிருந்து வெளிவரும் லிமோனீன் போன்ற டெர்ப்பீன்கள் அறைக்காற்றின் ஓசோனோடு வினைபுரிந்து, சில நானோமீட்டர் அளவுள்ள துகள்களை ஏராளமாக உண்டாக்குகின்றன. அதனால் நோய் வரும் என்று அந்த ஆய்வு நிறுவிவிடவில்லை. ஆனாலும் மூடிய குளிர்சாதன அறையில் நாள் முழுதும் வார்மரைப் போட்டு வைப்பது புத்திசாலித்தனமல்ல.

வார்மரில் ஆவியாவது மணம்தான், மெழுகு அல்ல. மணம் தீர்ந்தபின் கிண்ணத்தில் இருப்பது கிட்டத்தட்ட போட்ட அளவு மெழுகே. அதை ஆறவைத்து எடுத்து, நறுக்கி, அடுத்த பாளத்துக்குத் துண்டுகளாகப் போட்டுக்கொள்ளலாம். மணத்தை மேல்மெழுகு பார்த்துக்கொள்ளும். சூடாக இருக்கும்போது பாத்திரம் துலக்கும் தொட்டியில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். குழாய்க்குள் போனதும் உறைந்து அடைத்துக்கொள்ளும்.