திரையை எழுப்பும் காவலர் இருவர்

விடியுமுன் பிரட்டுக்குப் புறப்படும் வேளை. இருட்டில் கைத்தொலைபேசியை எடுக்கிறோம். பொத்தான் எதையும் அழுத்தவில்லை. ஆயினும் திரை ஒளிர்ந்து மணி ஐந்தரை எனக் காட்டுகிறது. நாம் எடுத்ததை அக்கருவி எவ்வாறு அறிந்தது?

உள்ளே காவலர் இருவர் உளர்: ஒருவர் கடிகாரம், மற்றவர் அசைவு உணரி. திரையும் கருவியின் மூளையாகிய பெரிய சில்லும் மின்கலத்தை விரைவில் தீர்த்துவிடும். ஆகவே அவை உறங்க, சொற்ப மின்சாரத்தில் இவ்விருவரும் விழித்திருக்கின்றனர். இரவில் ஆலையை ஜாகா காப்பதுபோல.

கடிகாரத்தின் உயிர் ஒரு சிறு குவார்ட்ஸ் படிகம். மின்சாரம் பாயும்போது அது வினாடிக்கு 32,768 முறை அதிரும். இவ்வெண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று வரும். அதுவே ஒரு வினாடி. (பிள்ளைகளிடம் தாளும் பென்சிலும் கொடுத்துச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.)

அசைவு உணரியோ சிலிக்கனில் செதுக்கிய ஒரு நுண்ணிய எடை. மெல்லிய வில்களில் அது தொங்குகிறது. கருவி அசைந்தால் எடையும் சற்றே விலகும். அருகிலுள்ள தகடுகளுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மாறும். அம்மாற்றத்தை மின்சாரம் கண்டுகொண்டு மூளையை எழுப்புகிறது. பூமியின் ஈர்ப்பும் அவ்வெடையை இழுப்பதால், கருவியைச் சாய்த்தால் படமும் திரும்புகிறது.

இத்தொழில் நமக்கு அந்நியமன்று. பினாங்கின் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் 1972-இல் தொடங்கியது. இன்டெல் நிறுவனமும் அவ்வாண்டே அங்கு வந்தது. தோட்டப் பிள்ளைகள் பலர் அத்தொழிற்சாலைகளில் வேலைக்கு அமர்ந்தனர். முன்பு தோட்டமாயிருந்த பத்து காவானில், சில்லுகளையும் உணரிகளையும் சோதிக்கும் நிலையத்தை போஷ் நிறுவனம் 2023-இல் திறந்தது.

பால் வெட்டுவோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. சட்டைப்பையில் கருவியுடன் மரத்துக்கு மரம் நடக்கையில் திரை அடிக்கடி விழித்து மின்கலம் தீரலாம். 'தூக்கினால் ஒளிரும்' வசதியை நிறுத்தி வையுங்கள். கையில் கட்டும் கருவி, கத்தி இழுக்கும் அசைவையும் காலடியாக எண்ணக்கூடும். அவ்வெண்ணிக்கையை உழைப்பின் அளவாகக் கொள்வது நியாயமாகாது என்பது நம் கருத்து.

கடிகாரமோ இன்னும் முக்கியம். 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்பத்தின் நேரம் அரைமணி முன்தள்ளப்பட்டபோது அவரவர் கையால் முள்ளைத் திருப்பினோம். இன்று அலைக்கோபுரமே கைத்தொலைபேசியின் நேரத்தைத் திருத்துகிறது. அலை எட்டாத காட்டில் படிகம் மட்டுமே எண்ணுகிறது. நாளடைவில் சில வினாடிகள் பிசகும். அது பெரிதன்று. ஆனால், தானாக நேரம் திருத்தும் வசதி அணைந்திருந்தால் பிழை மணிக்கணக்கிலும் ஆகலாம். வேலையில் காயமுற்ற இடத்தைப் படமெடுத்தால், அதில் பதிவது கருவி காட்டும் நேரமே. அது தவறாயிருப்பின் சொக்சோ இழப்பீடு கோரும்போது ஐயம் எழ இடமுண்டு. இன்றிரவே அவ்வசதியைச் சரிபார்த்து வையுங்கள்.